கணினி தரும் விடையை எப்போது நம்பலாம்?

வெள்ளவத்தையில் உயர்தரம் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: "பிரயோகப் பகுப்பாய்வு, விஞ்ஞானக் கணிப்பு என்று பேராசிரியர்கள் ஆராய்கிறார்களே, சமன்பாட்டைக் கணினியிடம் கொடுத்தால் விடை வந்துவிடும்தானே? பிறகு நிறுவல் எதற்கு?"

விடை வரும், தங்கச்சி. எதற்கு வந்த விடை என்பதுதான் சிக்கல்.

நம் களனி ஆற்றையே எடுங்கள். மேலே ஹங்வெல்லையில் நீர் ஏறினால், கீழே கொழும்பின் நாகலகம் வீதி நீர்மட்ட அளவுகோலில் எப்போது, எவ்வளவு ஏறும்? இத்தகைய நீரோட்டத்துக்கான சமன்பாடுகளை 1871இலேயே பிரான்ஸின் சென் வெனான் எழுதிவிட்டார். வளைந்து நெளிந்து போகும் ஆற்றுக்கு அவற்றைக் கையால் தீர்க்க முடியாது. ஆகவே ஆற்றை 100 மீற்றர் துண்டுகளாக வெட்டுகிறோம். நேரத்தையும் சிறு தாவல்களாக்கி, ஒவ்வொரு துண்டின் நீர்மட்டத்தையும் பக்கத்துத் துண்டுகளை வைத்துக் கணிக்கிறோம்.

5 மீற்றர் ஆழத்தில் அலை செக்கனுக்கு ஏறக்குறைய 7 மீற்றர் ஓடும். நீரோட்டம் 3 என்று வைத்தால் மொத்தம் 10. ஒரு துண்டைக் கடக்க 10 செக்கன் போதும். நீங்கள் 20 செக்கனாகத் தாவினால் அலை இரண்டு துண்டு தாண்டியிருக்கும். கணிப்போ பக்கத்துத் துண்டை மட்டுமே பார்த்திருக்கும். நீர்மட்டம் வாளின் பற்களைப் போல ஏறி இறங்கத் தொடங்கும். சற்று நேரத்தில் ஆழமே மைனஸ் ஆகிவிடும். கணினி நிரலில் ஓர் எழுத்துப் பிழைகூட இராது!

அலை ஒரு துண்டைக் கடக்கும் நேரத்தைத் தாவல் மிஞ்சக்கூடாது என்ற இந்த எல்லையைக் கூரான்ட், பிரீட்றிக்ஸ், லெவி என்ற கணிதவியலாளர் மூவரும் 1928இல் காட்டினார்கள். மின்னணுக் கணினி பிறக்காத காலம். அவர்கள் வெள்ளத்தைக் கணிக்கவும் இல்லை. சமன்பாட்டுக்குத் தீர்வு உண்டு என்று நிறுவுவதற்காகவே அப்படித் துண்டு போட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கும்.

நீங்கள் சொல்லும் பேராசிரியர்களின் ஆய்வும் இதே வழியில்தான் போகிறது. தீர்வு உண்டா, ஒன்றுதானா, துண்டு சிறிதானால் பிழை எவ்வளவு விரைவாகக் குறையும்? கொலன்னாவை போன்ற தாழ்நிலத்தைச் சதுரங்களாக வெட்டி, சதுரத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் சதுரங்கள் 4 மடங்கு, நேரத் தாவல்கள் 2 மடங்கு, ஆக வேலை 8 மடங்காகும். எங்கே நுணுக்கமாக வெட்ட வேண்டும், எங்கே தேவையில்லை என்று பிழை மதிப்பீடு சொல்லாவிட்டால், வெள்ளம் வந்த பிறகுதான் விடை வரும்.

வீட்டில் செய்து பாருங்கள். விரிதாளில் ஒரு வரியில் 11 கட்டங்கள், நடுவில் 100, மற்றவை 0. ஒரு கம்பியின் வெப்பநிலை என்று வையுங்கள். இரு முனைகளும் 0 ஆகவே இருக்கட்டும். அடுத்த வரியில் ஒவ்வொரு கட்டத்துக்கும்: இடமும் வலமும் கூட்டி, தன்னை இரு முறை கழித்து, 0.25ஆல் பெருக்கித் தன்னோடு கூட்டுங்கள். சூடு அமைதியாகப் பரவும். இப்போது 0.25ஐ 0.6 ஆக்குங்கள்; அதாவது நேரத் தாவலைப் பெரிதாக்குங்கள். முதல் தாவலிலேயே நடுக்கட்டம் மைனஸ் 20 காட்டும். அங்கே நிறுத்தாமல் இன்னும் இருபது வரி கீழே இழுத்துப் பாருங்கள்.