துரும்பால் கட்டிய குளம்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, எனக்கு முன்னால் பறவைகளைப் பற்றி அழகாகப் பேசி அமர்ந்த தங்கையே, குளிரைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

கனடாவின் வடகாட்டு ஓடை ஒன்றைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். ஓடை பிறக்கும் நிலம், அதை நம்பி வாழும் உயிர்கள் என்று இரண்டையும் சொல்ல விரும்புகிறேன். இரண்டுக்கும் ஒரே பழமொழி போதும்: சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

ஒன்டாரியோவில் நிப்பிகான் ஏரிக்கு வடக்கே போனால், மேடு என்றே தெரியாத ஒரு மேடு வரும். அதற்குத் தெற்கே விழும் மழை சுப்பீரியர் ஏரிக்கு ஓடும். வடக்கே விழும் மழை ஆல்பனி ஆற்றில் சேர்ந்து ஜேம்ஸ் விரிகுடாவுக்குப் போகும். பழம்பாறையைப் பனிப்பாளங்கள் சுரண்டிப் பள்ளமாக்கிவிட்டுப் போன நிலம் அது. பள்ளங்களில் ஸ்பாக்னம் பாசி மெத்தை மெத்தையாக வளர்ந்திருக்கிறது. அதன்மேல் கருப்பு ஸ்புரூஸ் மரங்கள் மெலிந்து நிற்கின்றன. பாசிக்குள் ஊறி வருவதால் ஓடைநீர் கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். கையில் அள்ளினால் தெளிவாகத்தான் இருக்கும்.

அந்த ஓடைக்கு உரிமையாளர் யாரென்று கேட்டால், குச்சியாலும் சேற்றாலும் ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்குதான் என்று சொல்வேன். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் அனிசினாபே மக்களின் மொழியில் அதற்கு ‘அமிக்’ என்று பெயர். தொப்பிக்காக அதன் தோலை உரித்து விற்கத்தான் 1670-இல் ஹட்சன் விரிகுடா கம்பெனி தொடங்கியது. ஏறக்குறைய அழித்தேவிட்டார்கள். 1975-இல் அதையே நாட்டின் சின்னமாக்கினார்கள். சின்னமாக்கினால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன், செப்டம்பர் கடைசியில், நண்பர் ஒருவரும் நானும் அந்தப் பக்கம் கூடாரம் அடித்திருந்தோம். மரம் ஏற்றும் லாரிகளுக்கான மண்சாலை ஓடையைக் கடக்கும் இடம். சாலைக்கடியில் ஓர் இரும்புக் குழாய். ஓடை முழுவதும் அதற்குள்தான் நுழைந்தாக வேண்டும். முதல் நாள் காலை இரண்டு தொழிலாளர்கள் வந்து குழாய் வாயை அடைத்திருந்த குச்சிகளை இழுத்துப் போட்டார்கள். மாலைவரை வேலை. மறுநாள் காலை பார்த்தால் மீண்டும் அடைப்பு! பட்டை உரித்த வெள்ளைக் குச்சிகள், இடையிடையே சேறு, சேற்றில் சின்னஞ்சிறு விரல் தடங்கள். மறுபடி இழுத்தார்கள். மூன்றாம் நாளும் அப்படியே. அன்று அந்தச் சேற்றுக்குள் ஒரு கையுறை செருகியிருந்தது. முந்தைய நாள் அவர்களில் பெரியவர் தொலைத்த கையுறை! அவர் அதை எடுத்துக் கழுவிப் பிழிந்தார். பிறகு கரையில் உட்கார்ந்து, “நான் எட்டு மணி நேரம் உழைக்கிறேன், அது இரவு முழுக்க உழைக்கிறது” என்றார். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். பீவருக்குக் கையுறையும் உதவுகிறது.

ஏன் அப்படிச் செய்கிறது? ஸ்வீடன் ஆய்வாளர் லார்ஸ் வில்சொன், நீரோடும் ஓசையை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார். அங்கே நீர் ஓடவில்லை. ஓசை வந்த இடத்தில் பீவர்கள் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தன. குழாய் என்ன செய்கிறது? அகலமாக ஓடிய ஓடையின் கழுத்தை நெரிக்கிறது. நீர் கத்துகிறது. அந்தக் கத்தல்தான் பீவரை அழைக்கிறது. அழைத்தவர்கள் நாம், தண்டனையாகப் பொறி வைப்பது அதற்கு.

நான் சாலையின் மறுபக்கமும் இறங்கிப் பார்த்தேன். அங்கே குழாயின் வாய் அந்தரத்தில் தொங்கியது. கீழே சிறு மடு. இலையுதிர் காலத்தில் ஓடை ட்ரவுட் மீன், ஊற்றுநீர் கசியும் சரளைக்கல் தேடி முட்டையிடப் போகும். ஊற்று இருக்கும் இடத்தில்தான் பனிக்காலத்திலும் முட்டை உறையாது. வயிறு செம்மஞ்சளாகச் சிவந்த மீன் ஒன்று துள்ளியது, இரும்பு விளிம்பில் மோதி விழுந்தது, மறுபடியும் துள்ளியது. ஏழு முறை எண்ணினேன். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

பீவர் அணை மட்டும் மீனைத் தடுக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அணை கசியும், ஓரத்தில் வழியும், வெள்ளம் வந்தால் உடையும். மீனுக்கு எப்போதாவது வழி கிடைக்கும். அணைக்குப் பின்னால் தேங்கும் குளத்தில் மூஸ் மான் நீர்ச்செடி மேயும், தவளை முட்டையிடும், வாத்து குஞ்சு வளர்க்கும். இரும்புக் குழாய் யாருக்கும் எதுவும் தராது. அந்தக் குளத்து உயிர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆசைதான். அவைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஆகவே கேட்கிறேன். காட்டுச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் குழாய் வேண்டாம்; ஓடையின் முழு அகலத்துக்கும் அடிப்பக்கம் திறந்த வளைவோ சிறு பாலமோ கட்டட்டும். ஓடை தன் சரளைப் படுகையிலேயே ஓடட்டும். செலவு கூடும், மறுக்கவில்லை. வாரம் தவறாமல் அடைப்பு எடுக்க ஆள் அனுப்புவதும் செலவுதானே?

மாகாண அமைச்சருக்கு எழுதிய மனு கதவருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். அடுத்த கோடையில் மீன்பிடிக்கவோ முகாமுக்கோ வடக்கே போகிறவர்கள் பையில் ஓர் அளவுநாடா வைத்துக்கொள்ளுங்கள். குழாய் எதையாவது கண்டால், அதன் கீழ் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை அளந்து, இடத்தையும் தேதியையும் எழுதி அனுப்புங்கள். மனுவோடு சேர்ப்போம். பட்டியலில் முதல் வரி நான் அளந்த குழாய்: 47 சென்டிமீட்டர்.