கிரீமை எப்போது நிரப்புவது?

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி, மணிவிழா, பேரப்பிள்ளையின் முதல் பிறந்தநாள் என்று வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், முறுக்கையும் அதிரசத்தையும் கையால் செய்யத் தயங்காத நம்மவர்கள், உப்பிய ஓட்டுக்குள் கிரீம் நிரப்பிய கிரீம் பஃப் என்றவுடன் மட்டும் கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கடைகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில் உள்ள சின் மீ சின் கடையின் கூம்பு வடிவக் கிரீம் ஹார்னுக்காக நானும் காத்து நின்றிருக்கிறேன். குட்வுட் பார்க் ஹோட்டலின் டுரியான் பஃப்பை யாராவது வாங்கி வந்தால் வேண்டாமென்று சொல்லும் பழக்கமும் எனக்கு இல்லை. ஆயினும் எந்தக் கடையில் வாங்கினாலும், யார் செய்தாலும், கிரீமை நிரப்பிய நேரத்திலிருந்தே இந்தப் பலகாரத்தின் மொறுமொறுப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. நிரப்பிய சில நிமிடங்களில் விருந்தினர் கையில் கொடுக்கும் வசதி, வீட்டில் செய்பவருக்குத்தான் உண்டு. அதற்காகவே வீட்டில் செய்யச் சொல்கிறேன்.

முதலில் மாவு. 250 மில்லிலிட்டர் தண்ணீர், 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா, 4 முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. இப்போதுதான் பேனாவைத் தேடி எடுத்தவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன்: தண்ணீர் 250, வெண்ணெய் 100, மைதா 150, முட்டை 4. தண்ணீரும் வெண்ணெயும் சேர்ந்து தளதளவென்று கொதிக்கும்போது மைதாவை ஒரேயடியாகக் கொட்டி, மரக்கரண்டியால் விடாமல் கிளற வேண்டும். கொழுக்கட்டைக்கு மாவு கிளறிய கைக்கு இது புதிதன்று. அங்கே அரிசிமாவு கொதிநீரில் வெந்து திரள்வதுபோலவே இங்கே மைதாவும் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொண்டு, பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலம் ஒட்டுமளவுக்கு உருண்டு திரளும். மாவு கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பின்னரே முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் முட்டை மாவுக்குள்ளேயே வெந்துவிடும். கடைசி முட்டையை மட்டும் தனியாக அடித்து வைத்துக்கொண்டு, சிறிது சிறிதாக ஊற்றிப் பாருங்கள். கரண்டியைத் தூக்கும்போது மாவு தயங்கித் தயங்கி வழிந்து, நுனியில் முக்கோணமாகத் தொங்கினால் பதம் சரி. மிச்சமுள்ள முட்டை ஆம்லெட்டுக்கு ஆகும்.

இதில் ஈஸ்டும் இல்லை, சோடாவும் இல்லை. மாவுக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழி தேடி, மாவை உள்ளிருந்து தள்ளி உப்பவைக்கிறது. உப்பிய வடிவம் வெந்து இறுகுவதற்கு முன்பு பேக்கிங் அடுப்பின் கதவைத் திறந்தால், சூடு இறங்கி, எல்லாம் தட்டையாக அமுங்கிவிடும். 200 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம், பிறகு 170 டிகிரியில் 15 நிமிடம். முதல் 20 நிமிடத்துக்குக் கதவின் பக்கமே போகாதீர்கள்.

என் மாமியாரின் எண்பதாவது பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, இந்தக் காவலை என் கணவரின் சித்தப்பா ஏற்றுக்கொண்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு வேலையைக் கொடுத்தால் அதைவிட்டு நகராதவர். எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் இருவர் நின்றாலே தோள் இடிக்கும். அங்கே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பேக்கிங் அடுப்புக்கு எதிரே போட்டு, மடித்த தமிழ் முரசோடு உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் கைப்பிடியைத் தொடும்போதெல்லாம் செய்தித்தாளாலேயே விரட்டினார். கடைசியில் என் மாமியாரே வந்து, "என் பிறந்தநாளுக்குச் செய்வதை நான் திறந்து பார்க்கக்கூடாதா?" என்றார். சித்தப்பா மரியாதையாக எழுந்து நின்றார். ஆனால் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, "கண்ணாடி இருக்கிறதே அண்ணி, அதன் வழியாகப் பாருங்கள்" என்றார். அன்று ஒரு தட்டுகூட அமுங்கவில்லை.

சுட்டு எடுத்ததோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொரு பஃப்பின் அடியிலும் ஒரு சிறு துளையிட்டு, அணைத்த பேக்கிங் அடுப்பில் கதவைச் சற்றே திறந்து வைத்து, இன்னும் 10 நிமிடம் விட்டால்தான் உள்ளே சிக்கிய ஆவி வெளியேறும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். வெந்து காய்ந்த ஓடு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளத்தான் செய்யும். ஆகவே நன்றாக ஆறியதும் காற்றுப் புகாத முறுக்கு டின்னில் அடைத்துவிடுங்கள். மறுநாள் 160 டிகிரியில் 8 நிமிடம் சூடாக்கி, முழுவதும் ஆறவிட்டால், இழந்த மொறுமொறுப்பு திரும்ப வந்துவிடும். முந்தின நாள் சுடுங்கள். முந்தின நாள் நிரப்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் திருமணங்களில் இந்தப் பஃப்புகளைச் சர்க்கரைப் பாகால் ஒட்டிக் கோபுரமாக அடுக்குவார்கள். படத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். குளிரூட்டிய அறை இல்லையென்றால் அந்தப் பாகு நம் ஊரில் பிசுபிசுத்துவிடும்.

பிறந்தநாளன்று சித்தப்பா சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறினார். விருந்தினர் வருவதற்கு முன் ஒன்றைக்கூட நிரப்ப விடவில்லை. தாழ்வாரத்தில் ஒரு பேரனை நிறுத்தி, மின்தூக்கியிலிருந்து யார் இறங்குகிறார்கள், எத்தனை பேர் என்று கூவச் சொன்னார். வருகிற தலைகளுக்குத் தக்கபடி மட்டும் நாங்கள் நிரப்பிக்கொடுத்தோம். விருந்தினர் சிலர் தாமே கிரீம் நிரப்பும் பையைக் கேட்டு வாங்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கேக் வெட்டும் நேரத்தில் அவர்களை எழுப்புவதே பெரும்பாடாகிவிட்டது.

அந்தக் கிரீமுக்கு 500 மில்லிலிட்டர் பால், 5 மஞ்சள்கரு, 100 கிராம் சர்க்கரை, 40 கிராம் கார்ன்ஃபிளவர் எனும் சோளமாவு. பாலைச் சூடாக்கும்போதே முடிச்சிட்ட பாண்டான் இலையைப் போட்டால் வெனிலாவைத் தேட வேண்டியதில்லை. பலரும் கிரீம் கெட்டியானவுடன் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். மஞ்சள்கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கிரீம் கொப்புளமிட்டுக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் கிளறினால்தான் அது செயலிழக்கும். இல்லையென்றால் இரவில் கெட்டியாக இருந்த கிரீம் காலையில் நீர்த்துக் கிடக்கும். அகலமான தட்டில் பரப்பி, மேலே ஒட்டினாற்போல் பிளாஸ்டிக் தாளை மூடி, சீக்கிரம் குளிர்பெட்டியில் வையுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் விரைந்து பெருகும் என்று சிங்கப்பூர் உணவு அமைப்பு எச்சரிக்கிறது. நம் வரவேற்பறையின் சூடு அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது. கையில் வெட்டுக்காயம் உள்ளவர் நிரப்பும் வேலைக்கு வரவேண்டாம். கையிலிருந்து பரவும் ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நச்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் எளிதில் போகாது. நிரப்புவதைக் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். முட்டை சாப்பிடாத பெரியவர்களைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கிரீம் ஹார்ன் செய்யுங்கள். பேரங்காடியின் உறைபெட்டியில் கிடைக்கும் பஃப் பேஸ்ட்ரி தாளை, முட்டை இல்லையென்று உறையில் படித்துப் பார்த்து வாங்கி, நீளமாக வெட்டிக் கூம்பு அச்சில் சுற்றி, முட்டைக்குப் பதிலாகப் பாலைத் தடவிச் சுடலாம். உள்ளே கஸ்டர்ட் பவுடரில் காய்ச்சிய கிரீம் போதும். 1837ஆம் ஆண்டு பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பர்ட் என்பவர் அந்தப் பவுடரை உருவாக்கியதே, முட்டை ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காகத்தான். அச்சு பூன் ஹுவாட் போன்ற பேக்கிங் பொருள் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது குறைந்தது ஆறு வாங்குங்கள், ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்துக்குச் சுட்டு முடிக்க இயலாது. நன்றி, வணக்கம்.