ஜீபிஎஸ் எடுபடாத இடத்தில் ஆள்கூறு: கட்டடத்துக்கு உள்ளே வரைபடம் போடுவது எப்படி?

[திரையில்: தேயிலைத் தொழிற்சாலையின் உள்ளே ஒரு போன். வரைபடத்தில் நீலப் புள்ளி தடுமாறுகிறது.]

வணக்கம். தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில், ரோலர் ஓடுகிற இடத்தில் நின்று போனில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நீலப் புள்ளி சுவரைத் தாண்டி வெளியே போகும், தேயிலை மலைக்குள் இறங்கும், பிறகு திரும்பி வரும். ஜீபிஎஸ் செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் சமிக்ஞை தரைக்கு வரும்போதே மிகவும் மெலிந்துவிடும். தகரக் கூரையையும் மேல்மாடிகளையும் தாண்டி அது ஒழுங்காக உள்ளே வராது.

அப்படியென்றால் கட்டடத்தின் உள்ளே ஆள்கூறு, அதாவது அகலாங்கும் நெட்டாங்கும், எப்படிக் கிடைக்கும்? உள்ளே போய் அவற்றை எடுப்பதில்லை. வெளியே எடுத்து, அளவுநாடாவால் உள்ளே கொண்டுபோகிறோம்.

[திரையில்: மேலிருந்து பார்த்த ஒரு லயம். இரண்டு மூலைகளில் சிவப்புப் புள்ளி.]

ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை, எடுத்துக்கொள்வோம். வரிசையாகப் பத்துக் காம்பரா, ஒவ்வொன்றும் பத்தடி அகலம் என்று வைப்போம். மொத்தம் நூறு அடி, ஏறத்தாழ 30.5 மீற்றர். லயத்தின் இரண்டு கோடி மூலைகளுக்கும் ஆள்கூறு தெரிந்தால் போதும். கட்டடம் எந்தத் திசையில் திரும்பி நிற்கிறது, எவ்வளவு நீளம், பூமியில் எங்கே இருக்கிறது என்ற மூன்றும் அந்த இரண்டு புள்ளிகளிலேயே வந்துவிடும். நாடாவில் அளந்து தாளில் போட்ட படத்தை அப்படியே திருப்பி, நகர்த்தி, அந்தப் புள்ளிகளில் பொருத்தினால் உள்ளே உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் ஆள்கூறு கிடைக்கும். புள்ளிகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றனவோ அவ்வளவு நல்லது. பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால், சின்னப் பிழைகூடக் கட்டடத்தையே கோணலாக்கிவிடும்.

இலங்கையில் இந்தக் கணக்கு சுலபம். நாம் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், ஒரு பாகை அகலாங்கு சுமார் 110.6 கிலோமீற்றர், ஒரு பாகை நெட்டாங்கு சுமார் 110.5. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஐந்தாம் தசம தானத்தில் ஒன்று கூடினால் ஒரு மீற்றரும் கொஞ்சமும் நகர்கிறீர்கள். லயம் நேர் கிழக்கு மேற்காக இருந்தால், ஒவ்வொரு காம்பராவுக்கும் நெட்டாங்கு 0.0000276 பாகை கூடிக்கொண்டே போகும். ஏழாம் காம்பரா தொடங்கும் இடம் மேற்கு மூலையிலிருந்து 0.0001656.

இப்போது போனைப் பாருங்கள். திறந்த வெளியிலேயே அதன் பிழை சுமார் ஐந்து மீற்றர். காம்பராவின் அகலம் மூன்றே மீற்றர். 1990 என்ற இலக்கத்து அம்பியூலன்ஸுக்கு வாசலில் நின்று இடத்தை அனுப்பினாலும் புள்ளி பக்கத்து வீட்டிலோ அதற்கடுத்த வீட்டிலோ விழலாம். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாத லயங்கள் இன்னும் நிறைய. அங்கே நாடாதான் போனைவிட நம்பகமானது. ஒன்று சொல்ல வேண்டும்: லயத்தில் வாசலைக் குறித்தால் போதும், வீட்டுக்குள் வரையத் தேவையில்லை. உள்ளே வரைய வேண்டியவை ஆஸ்பத்திரி, பாடசாலை, தொழிற்சாலை போன்ற பொது இடங்கள்.

[திரையில்: சரிவில் இரண்டு ஆட்கள். நாடா முதலில் தரையோடு, பிறகு மட்டமாக.]

மலையில் அளக்கும்போது ஒரு கவனம். நாடாவைச் சரிவோடு பிடித்தால் தூரம் கூடுதலாக வரும். இருபது பாகைச் சரிவில் 30 மீற்றர் என்று நாடா சொன்னால், வரைபடத்தில் அது 28.2 மீற்றர்தான். நாடாவை மட்டமாகப் பிடியுங்கள், தேவையானால் துண்டு துண்டாக அளந்து இறங்குங்கள். மூலையைச் செய்மதிப் படத்தில் பார்த்து எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல்: உங்களுக்குத் தெரிவது கூரையின் மூலை. சுவர் அதற்கு உள்ளே இருக்கிறது.

பழைய நில அளவைப் பிளான் கையில் இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை நேரே போனோடு சேர்த்துவிடாதீர்கள். இலங்கையின் தேசிய ஆள்கூற்று வலை நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியிலிருந்து தொடங்குகிறது. பழைய முறையில் அந்தப் புள்ளிக்கு 200,000, 200,000 என்று எண். 1999 முறையில் 500,000, 500,000. இரண்டும் எவரெஸ்ட் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் நிற்பவை. போன் தருவது ஜீபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு பூமி வடிவக் கணக்கு. மாற்றாமல் ஒட்டினால் கட்டடம் இருநூறு மீற்றருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். மலைநாட்டில் அந்தத் தூரத்தில் வேறு மலையே வந்துவிடும்.

[திரையில்: சரிவில் கட்டிய கடைக் கட்டடத்தின் வெட்டுமுகம்.]

சரி, உண்மையில் தலைவலி தருவது மாடிதான். ஹட்டன் மாதிரி ஒரு நகரத்தில் மெயின் ரோட்டிலிருந்து கடைக்குள் நுழைகிறீர்கள். உங்களுக்கு அது கீழ்த்தளம். பின்பக்கம் படியிறங்கினால் இன்னொரு தளம், அதற்கும் கீழே இன்னொன்று, அங்கே ஒரு கதவு, வெளியே கீழ் ரோடு. கீழ் ரோட்டுக்காரருக்கு உங்கள் கடை இரண்டாம் மாடி. அகலாங்கு, நெட்டாங்கு இரண்டும் மூன்று தளத்துக்கும் ஒன்றேதான்.

உயரத்தை எழுதினால் தீராதா? தீராது. ஜீபிஎஸ் உயரத்தில் பிழை பக்கவாட்டுப் பிழையைவிட அதிகம், தளமோ மூன்று மீற்றர். போதாக்குறைக்கு, இலங்கையைச் சுற்றிக் கடல்மட்டமே, ஜீபிஎஸ் உயரத்தை அளக்கும் அந்தக் கணித பூமி வடிவத்துக்குச் சுமார் நூறு மீற்றர் கீழே இருக்கிறது. கடல்மட்டம் இப்படித் தாழும் பள்ளங்களில் உலகத்திலேயே ஆழமானது நமக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில்தான். திருத்தாத உயரத்தைக் காட்டும் போன், 2,524 மீற்றர் பிதுருதலாகலையை 2,420 அளவில் காட்டும்.

அதனால் மாடிக்கு எண்தான் கொடுப்பார்கள். எல்லாரும் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் 'லெவல்' என்று எழுதுவது அதைத்தான். எந்தத் தளம் பூச்சியம் என்பதை ஒருமுறை தீர்மானித்துக் கட்டடம் முழுக்க அதையே பிடியுங்கள். பெரிய வாசல் உள்ள தளத்தைப் பூச்சியமாக வைப்பதே என் வழக்கம். கீழ் ரோட்டுக் கதவு அப்போது கழித்தல் இரண்டு. முக்கியமாக, ஒவ்வொரு வெளிக்கதவுக்கும் அதன் லெவலை எழுதுங்கள். படிக்கட்டுக்கு அது தொடங்கும் தளமும் முடியும் தளமும் வேண்டும். இல்லாவிட்டால் வழிகாட்டும் மென்பொருள் உங்களை மேல் ரோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வந்துவிட்டோம் என்று சொல்லும்.

கோப்பாக எழுதும்போது, வரைபடத் தரவுக்கான ஜியோஜேசன் முறையில் நெட்டாங்கு முதலில், அகலாங்கு பிறகு. மாற்றி எழுதினால் நுவரெலியா ஆஸ்பத்திரி ஆர்க்டிக் கடலில் மிதக்கும்.

[திரையில்: செவ்வக அறை, குறுக்கே ஒரு கோடு.]

வரைபடத்தில் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பெரிய அறை ஒன்றின் மூலைக்கு மூலை குறுக்களவை நாடாவில் எடுங்கள். அதே இரண்டு மூலைகளின் ஆள்கூறுகளிலிருந்தும் தூரத்தைக் கணக்கிடுங்கள். பத்து, இருபது சென்றிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏற்றிவிடலாம். ஒரு மீற்றர் என்றால் நாடாவை எடுத்துக்கொண்டு திரும்பப் போங்கள், அநேகமாக வெளிமூலைப் புள்ளிகளில் ஒன்றுதான் தவறியிருக்கும்.