வேலையை விடும் முன் ஒரு கணக்கு

வணக்கம் நேயர்களே.

2018இல், என் 43ஆவது வயதில், இங்கே சிங்கப்பூரில் பார்த்துவந்த வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கப் போனேன். பாலர் கல்விப் படிப்பு. கட்டணத்துக்கு வழி செய்திருந்தோம். வீட்டுச் செலவுக்கும் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. எல்லாவற்றையும் யோசித்துவிட்டோம் என்றுதான் நானும் கணவரும் நினைத்தோம்.

ஐந்தாவது மாதம் கடிதப் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. வீட்டுக் கடன் தவணைக்கு என் மத்திய சேமநிதியில், அதாவது நானும் முதலாளியும் மாதாமாதம் போட்டுவந்த கட்டாயச் சேமிப்பில், பணம் போதவில்லை, மீதியை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. மின்தூக்கிக்காக நின்றபடியே அதை மூன்று முறை படித்தேன். மாதாமாதம் தானாகவே கழிந்துகொண்டிருந்ததால், அப்படி ஒரு செலவு இருப்பதே மறந்துபோயிருந்தது. சம்பளம் நின்றால் சேமநிதிச் சந்தாவும் நிற்கும். சேமநிதியில் வீட்டுக் கடனுக்கு எடுக்கக்கூடிய பகுதியான சாதாரணக் கணக்கில் இருந்ததைத் தவணை கரைத்துவிட்டது.

சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது சேமநிதி மட்டுமில்லை. குறைந்த சம்பளக்காரர்களுக்குப் பெரிய ஆதரவாக இருக்கும் வொர்க்ஃபேர், அதாவது அரசு தரும் வேலைநலன் துணை வருமானம், வேலை பார்த்த மாதத்துக்குத்தான் வரும். 30 வயதோ அதற்கு மேலோ ஆகி, 2025 முதல் மாத வருமானம் 500 வெள்ளியிலிருந்து 3,000 வெள்ளி வரை இருப்பவர்களுக்கு அது உண்டு. வேறு சில நிபந்தனைகளும் இருக்கின்றன. ஊழியராக இருந்தால் அதில் 40 விழுக்காடு கைக்கு வருகிறது, 60 விழுக்காடு சேமநிதிக்குப் போகிறது. கைக்கு வருவது சின்னத் தொகைதானே என்று பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. பெரும் பகுதி கண்ணில் படாத இடத்தில் சேர்வதால் வரும் நினைப்பு அது.

இப்போது படிப்பவர்களுக்கு நான் போன காலத்தில் இல்லாத வசதிகள் வந்திருக்கின்றன. மனமார வரவேற்கிறேன். 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம், படிப்புக் கட்டணத்துக்காக அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 4,000 வெள்ளி போடப்பட்டது. அதற்குக் காலக்கெடு இல்லை, ஆனால் குறிப்பிட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். 2025 முதல், அதே வயதினர் தகுதிபெற்ற முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், சராசரி மாத வருமானத்தில் பாதி பயிற்சிப்படியாகக் கிடைக்கிறது. மாதத்துக்கு 3,000 வெள்ளி உச்சவரம்பு. வாழ்நாளில் மொத்தம் 24 மாதம் பெறலாம். பகுதிநேரப் படிப்புக்கு 2026 முதல் மாதம் 300 வெள்ளி.

பாதிச் சம்பளம் என்று கேட்டதும் மனம் குளிரும். ஆனால் எதில் பாதி?

எங்கள் புளோக்கில் ஒரு தங்கை இருக்கிறார். 41 வயது, துப்புரவு வேலை, சம்பளம் 1,900 வெள்ளி. தாதிமை உதவியாளராக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கீழ்த்தளத்து மேசையில் உட்கார்ந்து, கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இருவரும் எழுதிப் பார்த்தோம். இப்போது சேமநிதி பிடித்தம் போகக் கைக்கு வருவது 1,520. முழுநேரமாகப் படித்தால் 950. வொர்க்ஃபேர் நிற்கும். முதலாளி போடும் சந்தாவும் நிற்கும். பகுதிநேரமாகப் படித்தால் 1,520 அப்படியே வரும், வொர்க்ஃபேரும் தொடரும், மேலே 300 வெள்ளி. தாளைப் பார்த்தால் பகுதிநேரம்தான் சரி. ஆனால் விடியற்காலை வேலை, ராத்திரி வகுப்பு, நாலு வயதுப் பையன். “அக்கா, ரெண்டு வருஷம் இப்படி ஓட முடியுமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பையனின் பாலர் பள்ளிக் கட்டணமும் அவரைப் பயமுறுத்தியது. தாய் மாதம் 56 மணி நேரமாவது வேலை பார்த்தால்தான் முழு மானியம் என்று கேள்விப்பட்டிருந்தார். அவருடைய கணவரின் சம்பளத்தையும் சேர்த்தால் வீட்டு வருமானம் 6,000 வெள்ளிக்குள்தான் வருகிறது. 2025 டிசம்பர் முதல் அந்த வரம்புக்குள் இருக்கும் குடும்பங்களுக்குத் தாயின் வேலை ஒரு நிபந்தனை இல்லை. சரி, அந்தக் கவலை விட்டது. வருமானம் அதற்கு மேல் என்றால், வேலையை விடும் முன் பாலர் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் காம்கேர் உதவியைப் பெறுபவர்கள் படிப்பில் சேரும் முன்பே சமூகச் சேவை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சேர்க்கைக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோங்கள். படிக்கப் போவதாகச் சொன்னால் உதவியை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். குடும்ப நிலைமை முழுவதும் தெரிந்தால்தான் அதிகாரியால் வழி சொல்ல முடியும்.

அந்தத் தங்கை கடைசியில் முழுநேரப் படிப்பைத்தான் தேர்ந்தெடுத்தார். போன வாரம் தன் சேமநிதி அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தார். சாதாரணக் கணக்கில் இருப்பது வீட்டுத் தவணைக்கு எத்தனை மாதம் தாங்கும் என்று எண்ணினோம். பதினொரு மாதம் வந்தது. படிப்பு பன்னிரண்டு மாதம். அந்த ஒரு மாதத் தவணைக்கு இந்தச் சம்பளத்திலிருந்தே எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டார். வேலையை விட இன்னும் நான்கு மாதம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.