புளியமரத்துக்கு வடக்கே 12 அடி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்த நேரத்துக்கு வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். குடிநீர்ப் பிரிவில் ஃபிட்டராகச் சேர்ந்து, குழாய், வால்வு, தொட்டி என்று முப்பது வருஷம் மண்ணுக்குள்ளேயே கிடந்தவன் நான். அவசரமாகத் தண்ணீரை நிறுத்த வேண்டி வந்தால் ஊர் என்ன செய்கிறது, அதற்கு முன்னால் எதையெல்லாம் சோதித்து வைத்திருக்க வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. வால்வைச் சும்மா இருக்கும்போது திருப்பிப் பாருங்கள். வேலை இல்லாத நாளில் திருப்பிப் பாருங்கள். இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒகேனக்கல் தண்ணீர் நமக்கு வருவதற்கு முந்தைய காலம். நான் வேலை பார்த்த ஊரில், ராத்திரி பத்து மணி இருக்கும், கேபிள் பதிக்கத் தோண்டிய பொக்லைன் எட்டு இஞ்ச் மெயின் லைனைக் குத்திவிட்டது. பழைய வார்ப்பிரும்புக் குழாய், பானை மாதிரி உடையும். நான் சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். தாழ்வாக இருந்த நாலைந்து வீடுகளுக்குள் புகுந்து அரிசி மூட்டை நனைந்து, ஒரு அம்மா தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நிற்கிறார். "தம்பி, முதல்ல நிறுத்துங்கப்பா, அப்புறம் பேசிக்கலாம்" என்று கத்துகிறார்.

நிறுத்த வேண்டுமென்றால் வால்வு வேண்டும். ஆபீசில் இருந்த வரைபடத்தை எடுத்துவந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். அதில் எழுதியிருந்தது: "புளியமரத்துக்கு வடக்கே 12 அடி." புளியமரத்தைக் காணோம். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். தாரை மேலே மேலே போட்டதில் வால்வுக் குழியின் மூடியும் உள்ளே போய்விட்டது. கடப்பாரையால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுப் பார்க்கிறோம், ஒன்றும் பிடிபடவில்லை. ஒன்றரை மணி நேரம் போயிற்று.

அப்புறம் ஒருவருக்குத் தோன்றி, ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியிருந்த பழைய வால்வுக்காரப் பெரியவரை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார்கள். வந்தவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. டீக்கடைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார், மின்கம்பத்தைப் பார்த்தார், நடந்தார். "மரத்து நிழல்ல எத்தனை நாள் சோறு தின்னிருக்கேன், கண்ணு, எனக்குத் தெரியாதா? இங்க தோண்டு" என்றார். தோண்டினோம். அரை அடிக்குக் கீழே மூடி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. வால்வைத் திருப்பும் நீளச் சாவியை மாட்டித் திருப்பினால் அசையவில்லை. எத்தனை வருஷமாக அதை யாரும் தொடவில்லையோ, தண்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு பேராகச் சேர்ந்து நெம்பினோம், தண்டு முறிந்துவிட்டது. இனி அதற்கு மேலே இருக்கும் வால்வை அடைக்க வேண்டும், அதுதான் தொட்டியின் வெளியேற்று வால்வு. அடைத்தோம். ஒரு தெருவுக்கு மட்டும் வேண்டியிருந்த அடைப்பு ஊருக்கே அடைப்பாகிவிட்டது. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், பஸ் ஸ்டாண்டு எல்லாவற்றுக்கும் ஒன்றரை நாள் தண்ணீர் இல்லை. குழாய் உடைந்தது பொக்லைனால், அதை ஒத்துக்கொள்கிறேன். ஊருக்கே தண்ணீர் போனது எங்களால். அந்த வால்வை யாராவது வருஷத்துக்கு ஒருமுறை திருப்பியிருந்தால் போதும்.

அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு போட்டேன். ஒவ்வொரு வால்வுக்கும் மூன்று அளவு: சுவர் மூலையிலிருந்து எத்தனை அடி, கல்வெர்ட்டிலிருந்து எத்தனை அடி, கம்பத்திலிருந்து எத்தனை அடி. மரத்திலிருந்து அளக்கவே கூடாது. மூன்றில் ஒன்று போனாலும் மிச்சம் இரண்டை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினால் அடைபடும், முழுதாக மூட எத்தனை சுற்று. இந்தச் சுற்றுக் கணக்கு முக்கியம். ஆறு இஞ்ச் கேட் வால்வு, அதாவது உள்ளே ஒரு தகடு இறங்கி அடைக்கிற வால்வு என்றால் ஏறக்குறைய இருபது சுற்று. பத்திலேயே நின்றுவிட்டால் அது மூடவில்லை, உள்ளே ஏதோ தடுக்கிறது. மூடிவிட்டோம் என்று நினைத்துக் குழியில் இறங்கியவன் தலையில் தண்ணீர் கொட்டும்.

அடைக்கும்போது அவசரப்படக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். அவசர அடைப்பு என்றுதான் பெயர், ஆனால் கை மெதுவாகத்தான் ஓட வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் போய் விழுகிறார்கள் இல்லையா, குழாய்க்குள் தண்ணீரும் அப்படித்தான். இரும்புக் குழாயில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீரை ஒரேயடியாக நிறுத்தினால், 100 மீட்டர் உயரத் தொட்டி தரும் அளவுக்கு அழுத்தம் கூடுதலாக அடிக்கும். நம் ஊர் மேல்நிலைத் தொட்டிகள் 15, 20 மீட்டர் உயரம். யோசித்துப் பாருங்கள். ஒரு உடைப்பை நிறுத்தப் போய் அடுத்த தெருவில் இன்னொன்றை உண்டாக்கிவிடுவோம். கேட் வால்வில் மொத்தச் சுற்றில் பாதியை மூடியும் தண்ணீர் பெரிதாகக் குறையாது, குறைவதெல்லாம் கடைசிச் சில சுற்றுகளில்தான். ஆகவே அந்தக் கடைசிச் சுற்றுகளை மூச்சு விட்டு மூச்சு விட்டுத் திருப்ப வேண்டும். திறக்கும்போதும் அதே மாதிரி, உள்ளே அடைந்த காற்று ஏர் வால்வு வழியாக வெளியே போக நேரம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு சொல்வதற்கு நம் பக்கத்தில் தனிக் காரணம் இருக்கிறது. வேறு ஊரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் சிரமம், அவ்வளவுதான். நம் ஊரில் தண்ணீர் நின்றால் ஜனங்கள் பழைய போர்வெல் தண்ணீருக்குப் போவார்கள். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, நம் மாவட்டங்களில் பல போர்களில் அது தாண்டும். பழுப்புக் கோடு விழுந்த பல்லோடு எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், முதுகு நிமிர முடியாத பெரியவர்களைப் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013-இல் தண்ணீர் விட்டார்கள். காவிரியிலிருந்து மேடேற்றித் தள்ளி வருகிற தண்ணீர், கரண்டு போனால் நிற்கும், வழியில் ஒரு குழாய் வெடித்தால் நிற்கும். காய்ச்சிக் குடித்துக்கொள்கிறேன் என்று சிலர் சொல்கிறார்கள். அம்மா, காய்ச்சினால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். இரண்டு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் ரிப்பேர் இரண்டு வாரமாக இழுத்து, அது அடிக்கடி நடந்து, ஒரு தெருவே போர் தண்ணீருக்கு மறுபடியும் பழகிவிட்டால் இத்தனை கோடி செலவழித்ததற்கு என்ன பலன்? அதனால்தான் சொல்கிறேன், வால்வைச் சும்மா இருக்கும்போது திருப்பிப் பாருங்கள். தொட்டி கழுவுகிற நாளில் தொட்டி மேலே ஏறுகிறோம், அன்றைக்கே கீழே இருக்கும் வால்வையும் நாலு சுற்று திருப்பிவிடலாம், தனிச் செலவு கிடையாது. ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருக்கும் தம்பிகள் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். குளோரின் பற்றியும், முன்னறிவிப்பை ஆட்டோவில் மைக் கட்டி எப்படிச் சொல்ல வேண்டும் என்பது பற்றியும் எழுதி வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. வீட்டுக்காரர்களுக்கு மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லைன் காலியாக இருக்கும்போது குழாய் வெளியிலிருந்து உள்ளே உறிஞ்சும், எங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். அதனால் நிறுத்தித் திறந்த பிறகு வரும் முதல் தண்ணீரைச் சம்பில் விடாதீர்கள், வாசல் குழாயைத் திறந்து தெளியும் வரை செடிக்கு விடுங்கள். லைனில் நேராக மோட்டாரை மாட்டி இழுக்காதீர்கள், அந்த உறிஞ்சலை அது இன்னும் அதிகமாக்கும். உங்கள் வீட்டு இணைப்பில் மீட்டர் பக்கத்தில் ஒரு சின்ன வால்வு இருக்கும், இன்றைக்குச் சாயங்காலம் போய் அதை மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் நெம்பாதீர்கள், பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றிவிடுங்கள். வணக்கம்.