காபன் வரிக்காசு எங்க போகுது? கல்லாறு தங்கச்சிட கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி கல்லாறில இருந்து ஒரு தங்கச்சி வொய்ஸ்ல அனுப்பி இருக்கா. என்ன கேக்கிறா எண்டா, "அண்ணன், எங்கட அக்கா டொரன்டோவில இருக்கா, காபன் ரிபேட் எண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா காசு வந்ததாம், இப்ப நிப்பாட்டிட்டாங்களாம், பெற்றோலுக்கு வரியும் போட்டு மறுகா காசும் குடுக்கிறதெண்டா அது என்ன கணக்கு, எங்கட நாட்டுலயும் காபன் வரி எண்டு ஒண்டு எடுத்தாங்களே அந்தச் சல்லி எங்க போச்சு" எண்டு. நல்ல கேள்வி தங்கச்சி.

முதல்ல அக்காட காசைப் பாப்பம். கனடாவில 2019ல இருந்து மத்திய அரசாங்கம் எரிபொருளுக்கு காபன் விலை போட்டுது, டொரன்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணமும் அதுக்குள்ளதான். 2024 ஏப்ரல்ல அது, எரிபொருள் எரிஞ்சு வெளிய வாற காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்கு 80 டொலர், பெற்றோல் கணக்கில பாத்தா லீட்டருக்கு 17.6 சதம் வந்துது. அப்பிடிச் சேந்த காசில கிட்டத்தட்ட 90 வீதத்தை குடும்பங்களுக்கே திருப்பிக் குடுத்தாங்க. ஒன்டாரியோவில நாலு பேர் உள்ள வீட்டுக்கு அந்த வருஷம் 1120 டொலர், அதாவது ஒவ்வொரு தவணைக்கும் 280. இதில விஷயம் என்னண்டா, ரெண்டு பெரிய வாகனம் ஓடுற வீட்டுக்கும் பஸ்ல போற வீட்டுக்கும் அதே 280தான், அப்ப குறைய எரிக்கிற ஆக்களுக்கு கட்டின வரியை விட வந்த காசு கூட. பெற்றோல் விலை கூடினதால எரிக்கிறதைக் குறைக்க மனம் வரும், ஆனா ஏழை வீடு நசுங்காது, அதுதான் திட்டம்.

திட்டம் நல்லம், சொன்ன விதம்தான் பிழைச்சுது. முதல் மூணு வருஷமும் அந்தக் காசு வருமான வரி ஃபோமுக்குள்ள ஒரு வரியா வந்து மற்றக் கணக்கோட கலந்துட்டு, ஆருக்கும் தெரியல்ல. 2022 ஜூலையில இருந்துதான் பேங்குக்கு நேரா போட்டாங்க, அதுவும் சில பேங்குல என்ன காசு எண்டே விளங்காத பேர்ல விழுந்துது. 2024லதான் பேரை மாத்தி, பேங்குகள் சரியான பேரைக் காட்டோணும் எண்டு சட்டமும் கொண்டு வந்தாங்க. ஆனா பெற்றோல் செட்டு போர்டில விலை ஒவ்வொரு நாளும் கண்ணுக்கு முன்னால நிக்குது, திரும்பி வாற காசு வருஷத்தில நாலு நாள்தான். 2025 ஏப்ரல் 1ல பிரதமர் மார்க் கார்னிட அரசாங்கம் அந்த வரியை நிப்பாட்டிட்டு, அந்த மாசம் கடைசித் தவணையும் வந்து முடிஞ்சுது.

சுவிஸ்ல சொந்தக்காரர் இருக்கிற ஆக்கள் இதையும் கேட்டுப் பாருங்க. அங்க வீடு சூடாக்கிற எண்ணெய்க்கும் கேஸுக்கும் 2008ல இருந்து வரி, 2022ல இருந்து தொன்னுக்கு 120 பிராங்க். மூணில ரெண்டு பங்களவு சனத்துக்கும் கம்பனிகளுக்கும் திரும்பிப் போகுது. சனத்துக்கு எப்பிடிப் போகுதெண்டா ஹெல்த் இன்சூரன்ஸ் பில்லில கழிச்சு. 2024ல ஆளுக்கு 64.20 பிராங்க், மாசத்துக்குப் பிரிச்சா 5.35. அவ்வளவு பெரிய பிரீமியம் பில்லில 5.35 கழிஞ்சிருக்கு எண்டு ஆர் பாக்கிற? பிரான்ஸ்ல அதுவும் இல்ல, காபன் வரிட பெரும்பகுதி பொது பட்ஜெட்டுக்குள்ள போச்சு, 2018 நவம்பர்ல மஞ்சள் ஜாக்கெட் போட்டுக்கிட்டு சனம் எரிபொருள் வரிக்கு எதிரா ரோட்டுக்கு இறங்கினதும் தொன்னுக்கு 44.60 யூரோவில அந்த வரியை அப்பிடியே நிப்பாட்டி வெச்சாங்க.

உலகம் முழுக்கப் பாத்தா 2023ல இந்த மாதிரி காபன் விலையால அரசாங்கங்களுக்கு வந்தது 104 பில்லியன் டொலர் எண்டு உலக வங்கி சொல்லுது, அதில பாதிக்கு மேல காலநிலை, இயற்கை சம்பந்தமான திட்டங்களுக்குப் போகுது. மிச்சம் வரிக்குறைப்பு, ரிபேட், பொதுச் செலவு எண்டு போகுது.

இப்ப எங்கட இலங்கைக் கதைக்கு வருவம். 2018ம் ஆண்டு 35ம் இலக்க நிதிச் சட்டத்தில வாகனத்துக்கு காபன் வரி வந்துது, 2019ல கட்டினம், அந்த வருஷக் கடைசியில ஆட்சி மாறினதும் எடுத்துட்டாங்க. நான் மச்சான்ட டீசல் வேனுக்கு லைசன்ஸ் புதுப்பிக்கப் போன நேரம், புகை டெஸ்ட் சேர்டிபிகேட், இன்சூரன்ஸ் எல்லாம் கையில வெச்சிக்கிட்டு லைன்ல நிண்டா, கவுண்டரில தொகை கூடச் சொன்னாங்க. ஏன் எண்டு கேட்டா "காபன் டெக்ஸ்" எண்டு ஒரு சொல்லுதான். மச்சான் கிறுகி என்னைப் பாத்து, "புகை டெஸ்ட் பாஸ் பண்ணினதுக்கு தண்டமா?" எண்டு கேட்டான். எனக்குப் பதில் சொல்ல ஏலாமப் போச்சு. அரசியலமைப்பில 149ம் உறுப்புரைப்படி, குறிச்ச வேலைக்கு எண்டு சட்டத்தில ஒதுக்காத வருமானம் எல்லாம் திரட்டு நிதியம் எண்ட அரசாங்கத்துட பொதுக் கணக்குக்குத்தான் போகும். அதுக்குள்ள போனா காபன் காசும் சாராயக் காசும் ஒண்டுதான், பிரிச்சு எடுக்க ஏலா.

இன்னொண்டு, இது காபன் வரி இல்ல, ஆனா பாடம் அதேதான். 2022 ஆகஸ்ட்ல மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரே இரவில 340 ஆகிச்சு. ஒரு மீன்பிடி போட்டுக்கு 20 லீட்டர் எண்டு வெச்சுக்குவம், 1740க்கு அடிச்ச எண்ணெய் விடியக்குள்ள 6800. கல்லடியில, வாகரையில போட்டை கரையில இழுத்து வெச்சிக்கிட்டு எத்தின பேர் இருந்தாங்க. எண்ணெய் மலிவா குடுக்கிறது கூடா எண்டு பொருளாதாரம் படிச்சவங்க சொல்லுவாங்க, சரி, ஆனா அந்த மிச்சம் பிடிச்ச காசு எங்க, எப்ப கைக்கு வரும் எண்டு விலை கூடுறதுக்கு முதல் சொல்லோணுமா இல்லையா? வயித்துப்பாடு அடுத்த பட்ஜெட் மட்டும் காத்துக்கிட்டு இருக்காது.

கனடாவிலயே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008ல செஞ்சதைப் பாருங்க, ஜூலை 1ல வரி தொடங்கினது, ஆனா ஜூனிலயே ஆளுக்கு 100 டொலர் கைக்கு வந்துட்டு. காசு முதல், வரி பிறகு. நாளைக்கு எங்கட நாட்டுல திரும்ப காபன் வரி எண்டு வந்தா நானும் எதிர்க்க மாட்டன், வெள்ளமும் சூறாவளியும் பாத்த ஊர் இது. ஆனா எந்தக் கணக்கில வெக்கிறீங்க, வருஷா வருஷம் கணக்குக் காட்டுவீங்களா, மீன்பிடிக்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் எந்தத் தேதியில என்ன பேர்ல காசு விழும், இதுக்குப் பதிலைச் சட்டத்திலயே எழுதச் சொல்லிக் கேப்பன்.

தங்கச்சி, அக்காக்கிட்ட 2023 பேங்க் ஸ்டேட்மென்டை ஒருக்கா எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர் எண்டு 15ம் தேதியை ஒட்டி விழுந்திருக்கும். அதில என்ன பேர் போட்டிருக்கு எண்டு எனக்கும் சொல்லுங்க.