நாற்காலிக்குக் கை முளைத்த கதை: ஓயாத குழந்தையைப் படம் எடுப்பது எப்படி?

[திரையில்: மங்கிய பழைய புகைப்படம்]

இந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளை கவுன் போட்ட கைக்குழந்தை, பின்னால் பூப்போட்ட துணி மூடிய நாற்காலி. அந்த நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு குழந்தையின் இடுப்பைப் பிடித்திருக்கிறது. ஐந்து விரலும் உள்ள மனிதக் கை!

பேய் இல்லை. துணிக்குள் இருப்பவர் அனேகமாக அந்தக் குழந்தையின் அம்மா.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1839-இல் பிரான்ஸைச் சேர்ந்த டாகுவேரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் ஈரக் கொலோடியன் முறையை, அதாவது ரசாயனம் பூசிய கண்ணாடித் தட்டு ஈரமாக இருக்கும்போதே படம் எடுக்கும் முறையை, கொண்டுவந்தார். நிமிடங்கள் வினாடிகளாகச் சுருங்கின. அவ்வளவுதான். அம்மாவிடம் திரும்புவோம்.

வினாடிகள் என்றால் ஒன்று இரண்டு அல்ல. வெளிச்சம் குறைந்த நாளில் பத்து, இருபது என்று நீளும். பெரியவர்களுக்கே தலை ஆடாமலிருக்க முதுகுக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். ஒரு வயதுக் குழந்தையை இருபது வினாடி அசையாமல் உட்காரச் சொல்லுங்கள், பார்க்கலாம்! ஆகவே அம்மாவை உட்கார வைத்து, தலை முதல் கால் வரை துணியால் போர்த்தி, மடியில் குழந்தையை வைத்துவிட்டார்கள். படம் தயாரானதும் நடுவில் முட்டை வடிவத் துளையிட்ட அட்டையை மேலே வைப்பார்கள். அம்மா மறைந்துபோவார். காலப்போக்கில் அட்டை கழன்றதால்தான் இன்று நமக்கு இந்தத் திகில் காட்சி கிடைக்கிறது. சில படங்களில் துணியைப் போர்த்தும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல், அம்மாவின் முகத்தைப் பிறகு சுரண்டி அழித்திருக்கிறார்கள். ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்த வீட்டு அம்மாவுக்கு இந்த மரியாதை!

இவை இறந்த குழந்தைகளின் படங்கள் என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. தயவுசெய்து பகிராதீர்கள். அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் படம் எடுத்தது உண்மை. ஆனால் அசையாத குழந்தையை எதற்காக ஒருவர் துணிக்குள் ஒளிந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? பல படங்களில் குழந்தையின் கையோ தலையோ கலங்கித் தெரியும். பிடித்தும் அடங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

[திரையில்: ஹாலில் ஓடும் குழந்தை, கலங்கிய படம்]

இப்போது உங்கள் கைபேசிக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு. குழந்தை வினாடிக்கு 2 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒற்றை டியூப்லைட் வெளிச்சத்தில் கைபேசி 1/30 வினாடி ஷட்டரை (அதாவது, கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தை) தேர்ந்தெடுத்தால், அதற்குள் குழந்தை கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் முகத்தில் பாதிக்கும் மேல்! அதையே 1/500 வினாடியில் எடுத்தால் நகர்வு வெறும் 4 மில்லிமீட்டர். இரவுப் பயன்முறையைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். பல கைபேசிகளில் அது வினாடிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கும். அதாவது, காசு கொடுத்து வாங்கிய புதுக் கைபேசியோடு நாம் 1860-க்குப் போய்விடுகிறோம்.

எனவே "ஆடாதே, இங்கே பார்" என்று குழந்தையிடம் கத்துவதில் பயனில்லை. குறை குழந்தையிடம் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. பகலில் ஜன்னலோரம் விளையாட விடுங்கள். அல்லது வாசலில், நேர் வெயில் படாத நிழலில். வெளிச்சம் கிடைத்தால் ஷட்டர் தானாகவே வேகமெடுக்கும். நீங்கள் தரையில் உட்கார்ந்து குழந்தையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கும் வசதி இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஊஞ்சல். முன்னும் பின்னும் போகும் ஊஞ்சல், இரு கோடிகளிலும் திரும்புவதற்கு முன் ஒரு கணம் நின்றுவிடுகிறது. அங்கே வேகம் பூஜ்யம். குதிக்கும் குழந்தையும் அப்படித்தான்: உச்சியில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அந்த நொடிக்காகக் காத்திருந்து எடுத்தால், காற்றில் பறக்கும் முடிகூடத் தெளிவாகப் பதியும். குழந்தையை நிறுத்த வேண்டியதில்லை, அது எப்போது நிற்கும் என்று தெரிந்தால் போதும்.

கடைசியாக, பிறந்தநாள். குழந்தை மிக அதிகமாகத் துள்ளும் நேரம் எது? மெழுகுவத்தியை ஊதும் நேரம். சரியாக அந்த நேரத்தில்தான் ஒருவர் எழுந்து போய் ஹால் விளக்கை எல்லாம் அணைப்பார். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு மாமா இருப்பார். பிறந்தநாளுக்கு முன்பே இந்த வீடியோவை அவருக்கு அனுப்பிவையுங்கள்.